சுவத்துக்கு அக்கட்ட

ஏனுங்க அம்மிணி, அந்தக் கண்ணாடியைச் சித்த இழுத்து உடுங்க. புகை வருது பாருங்க. வரலைங்களா? இந்த வண்டியில எதுதான் வரும். சரி உடுங்க, நான் முந்தானையில மூக்கைப் பொத்திக்கறேன். ரோட்டோரத்துல எவனோ சருகைக் கூட்டி நெருப்பு வெச்சிருக்கான். அவனை யாராவது கேக்கறாங்களா? கேக்க மாட்டாங்க. எங்க ஊர்லதான் அத்தனை சட்டமும்.

நீங்க பொள்ளாச்சிதானே? நானும் அங்கதான். மக வீட்டுக்கு. விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான். ஏன், மக வீட்டுக்குச் சும்மா போகக் கூடாதுங்களா? காலைல எந்திரிச்சேன், போகோணும்னு தோணுச்சு, கெளம்பிட்டேன். "இன்னைக்குன்னு பாத்து எதுக்கும்மா வர்றே"ன்னு அவளும் போன்ல கேட்டா. பெத்தவ வர்றதுக்கு நாள் நட்சத்திரம் பாக்கோணுமாடின்னு ஒரு சத்தம் போட்டேன், அடங்கிட்டா.

இந்தாங்க, முறுக்கு எடுத்துக்கங்க. கூச்சப்படாதீங்க, வீட்டுல சுட்டது. பேரனுக்குன்னு கொண்டு போறேன், அவன் பூராவா திங்கப் போறான்.

அந்தப் போனுங்களா? அது கெடக்கட்டும் உடுங்க. லோன் வேணுமா லோன் வேணுமான்னு எவளாவது கேப்பா. நான் எடுக்கறதே இல்ல.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், புகை. எங்க வீட்டுல ஒரு வாதாமரம் இருக்குதுங்க. அவரு இருந்தப்ப வெச்சது. நெழலுக்கு ஆகும்னு வெச்சாரு, அவரு போயிட்டாரு, மரம் நிக்குது. வாதா இலையைப் பாத்திருக்கீங்ளா? ஒவ்வொண்ணும் சோறு திங்கற வட்டலாட்டம் இருக்கும். தை முடிஞ்சு மாசி பொறந்தாப் போதும், பொலபொலன்னு கொட்டும். இக்கட்ட கூட்டிட்டு அக்கட்டத் திரும்புனா மறுக்கா கொட்டிக் கெடக்கும். அதுபோக ரெண்டு தென்னை, ஒரு மாமரம். வருசம் பூராவும் சீமாறும் கையுமா நிக்கறதுதான் என் பொழப்பு.

முன்னையெல்லாம் என்ன பண்ணுவோம்? கூட்டுவோம், வீட்டுக்குப் பொறத்தால பொடக்காளியில குமிப்போம், பொழுதோட ஒரு தீக்குச்சி. கொசு ஓடிப் போயிரும், சாம்பலைத் தென்னைக்குப் போட்டா காய் நல்லாப் புடிக்கும். எங்கம்மா அப்படித்தான், எங்க மாமியாளும் அப்படித்தான். யாரு செத்துப் போனாங்க?

இப்ப பேரூராட்சிக்காரனுக ஆட்டோவுல மைக்கைக் கட்டிட்டு வர்றானுங்க. பொது இடத்துலயோ தனியார் இடத்துலயோ இலை தழை எரிச்சா அபராதம். தனியார் இடம்னா என்னங்க அம்மிணி? என் வீடு. என் பட்டா. என் மரம். என் மரத்து இலையை என் மண்ணுல வெச்சு எரிக்கறதுக்கு மைக்குல ஒருத்தன் வந்து என்னைக் கேக்கறான். அடக் கெரகமே!

சரி, எரிக்கல. குப்பை வண்டியிலயாவது ஏத்துங்கன்னா, இலை தழையை வண்டியில ஏத்தக் கூடாதாமா. அதுவும் சட்டந்தானாமா. குழி வெட்டி உரம் போடோணுமாமா. எங்க வெட்டறது? அவரு போன பொறகு சுத்தியும் டைல்ஸ் போட்டு வெச்சிருக்கேன், மண்ணுன்னு பாத்தா மரத்தைச் சுத்தி ஒரு சாண் கெடக்குது. குப்பை வண்டிக்காரி மாரக்காகிட்ட நேராவே கேட்டேன். "எரிக்கவும் கூடாது, வண்டியிலயும் ஏத்த மாட்டே, அப்ப இந்த இலையை நான் என்ன பண்றது? திங்கறதுக்கு நான் என்ன ஆடா?"ன்னேன். அவ சிரிச்சுட்டு, "வாதா இலையை ஆடே மோந்து பாத்துட்டுப் போயிருங்கம்மா"ங்கறா. வாய் கொஞ்சமில்ல அவளுக்கு.

மாரக்கான்னா எங்க நகருக்குக் குப்பை வாங்க வர்றவ. காண்ட்ராக்ட் வேலைதான், பேட்டரி வண்டி ஒண்ணு குடுத்திருந்தாங்க. புதுசு. அதுக்குப் பொட்டு வெச்சு, கண்ணாடியில கனகாம்பரம் சுத்தி, கல்யாணப் பொண்ணாட்டம் வெச்சிருந்தா. "குப்பேய்"னு அவ ஒரு கத்துக் கத்துனா நாலாவது வீதியில தூங்கறவன் எந்திரிச்சிருவான். நான் ஈரக் குப்பையும் ஒணந்த குப்பையும் ஒண்ணாப் போட்டிருந்தா வாளியை அங்கயே கவுத்து, "ஏனுங்கம்மா, உங்க சோத்துல சோப்பைப் போட்டுப் பெசஞ்சா திம்பீங்களா"ம்பா. எனக்குச் சுருக்குன்னு வரும். ஆனாலும் நல்ல பொம்பள. வீட்டுக்காரன் தேங்காய் போட ஏறி உழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறான். இவ சம்பாரிச்சாத்தான் அடுப்பு எரியும்.

நான் அவளுக்கு ஒண்ணும் கொறை வெச்சதில்ல அம்மிணி. தெனமும் டீ குடுப்பேன். அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளரே வெச்சிருக்கேன், மீட்டர் பொட்டிக்கு மேல. வேற யாரும் அதைத் தொடறதில்ல, அத்தனை பத்திரம். தீபாவளிக்குச் சேலை. கட்டுனதுதான், ஆனா கிழிசல் இல்லாதது. எங்க வீதியில வேற எவ இத்தனை பண்றா சொல்லுங்க?

அப்படிப்பட்டவளுக்குப் போன வாரம் கெரகம் புடிச்சிருச்சு. எங்க வீட்டுக்குப் பொறத்தால ஒரு காலி மனை இருக்குது. ஓனரு துபாய்ல இருக்கான், இந்தப் பக்கம் எட்டிப் பாத்து ரொம்ப வருசமாச்சு. இடுப்பு ஒசரத்துக்குப் புல்லு, எல்லாம் காஞ்சு கெடக்குது. ஓரத்துல ஒரு வேப்பமரம். அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சு. எப்பவும் வீதி முனையில நிறுத்தற வண்டியை, பேட்டரி சூடாகக் கூடாதுன்னு அந்த வேப்பமரத்து நெழல்ல நிறுத்திட்டு, எங்க வீட்டு வாசலுக்கு வந்திருக்கா. நெருப்புப் புடிச்சிருச்சு. எப்படியோ புடிச்சிருச்சுங்க. வெயில் காலம், எவனாவது பீடியைக் கீடியைப் போட்டிருப்பான். புல்லுல பத்தி, வண்டியில பத்தி, நாங்க ஓடிப் பாக்கறதுக்குள்ள டயரு எரிஞ்சு கரும்புகை மேல போகுது. அந்தக் கனகாம்பரம் கூட மிஞ்சல.

அவ அழல அம்மிணி. ஓடிப் போயி எங்க பொடக்காளிக் கொழாயில குடம் குடமாப் புடிச்சு, சுவத்து மேல ஏறி ஊத்துனா பாருங்க. கையெல்லாம் கொப்புளம். நான் வாசல்ல நின்னு கத்திட்டிருந்தேன். எனக்கு முட்டி வலிங்க.

இப்ப என்னடான்னா, அவங்களை வேலை வாங்கற மேஸ்திரி சொல்றான், இவளே இலையைக் கூட்டி நெருப்பு வெச்சிருப்பான்னு. குப்பைக்காரிகதான் வேலை மிச்சம்னு அங்கங்க கொளுத்துவாளுக, இவளும் கொளுத்திருப்பா, அவ வெச்ச நெருப்பு அவ வண்டியையே தின்னுருச்சுன்னு. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்னு சும்மாவா சொன்னாங்க? இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பேரூராட்சி ஆபீசுல விசாரணை.

மணி என்னங்க ஆகுது இப்ப? உடுங்க, சொல்ல வேண்டாம்.

நேத்து வந்தாளுங்க அவ. குப்பை வாங்க இல்ல, அவளைத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்களே. குளிச்சு, நல்ல சேலை கட்டி, கையில துணியைச் சுத்திட்டு வந்து வாசக் கேட்டுக்கிட்ட நின்னா. உள்ள வான்னேன். வரல. "அம்மா, நாளைக்கு ஆபீசுக்கு ஒரு எட்டு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நெருப்புப் புடிச்சப்ப மாரக்கா எங்க வாசல்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நெருப்பு யாரு வெச்சதுன்னெல்லாம் நான் கேக்கலைங்க. டீ குடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்"னா.

வர்றேன்னுட்டேன். வேற என்ன சொல்றது? மூஞ்சிக்கு நேரா நிக்கறா. வர்றேன் மாரக்கா, நீ கவலைப்படாதேன்னு சொல்லி, டீ குடிக்கறியான்னு கேட்டேன். வேண்டாங்கம்மான்னு போயிட்டா. அவ டீ வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

நீங்க கேக்கறது புரியுது. நெசத்தைத்தானே சொல்லச் சொல்றா, போயிச் சொல்ல வேண்டியதுதானேங்கறீங்க. சொல்றதுக்குச் சுலுவு அம்மிணி. நான் போயி, மாரக்கா எங்க வாசல்ல இருந்தான்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப நெருப்பு வெச்சது யாருன்னு வரும். அந்த மனைக்குப் பக்கத்துச் சுவரு யாருதுன்னு வரும். அந்த நேரத்துல உங்க பொடக்காளியில யாரு இருந்தாங்கன்னு வரும். நான் தனியா இருக்கற பொம்பள. ஒண்ணு சொல்ல ஒம்பது வரும். அரசாங்க வண்டி, போலீசு வரைக்கும் போகும். நாளைக்கு மருமவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது?

அப்படிப் பாக்காதீங்க அம்மிணி. எனக்கு ஒரு மாதிரி இருக்குது.

சரி. நான்தான் வெச்சேன். போதுங்களா?

ஆனா எங்க வீட்டுல வெக்கல. அதைக் கேளுங்க மொதல்ல. ஊரு முக்குல பெரிசா போர்டு வெச்சிருக்கானுங்க, எரிச்சா இட உரிமையாளரே பொறுப்புன்னு. நானும் பள்ளிக்கூடம் போனவதான், படிச்சுப் பாத்தேன். இட உரிமையாளருன்னா யாரு, இடத்துக்காரன். நான் என் இடத்துல எரிச்சாத்தானே நான் பொறுப்பு? துபாய்க்காரன் எடத்துல எரிஞ்சா? அவனே வந்து அபராதம் கட்டட்டும். இப்படி ரோசனை பண்ணித்தான், மாசி பொறந்ததுல இருந்து கூட்டுன இலையை எல்லாம் கூடை கூடையாச் சுவத்துக்கு அக்கட்டக் கொட்டிட்டு வந்தேன். மாங்காய் பறிக்கற தொரட்டி இருக்குதல்ல, நீளமா மூங்கில் கழி, முனையில கொக்கி. அந்தக் கொக்கியில தென்னம்பன்னாடையை மாட்டிப் பத்த வெச்சு, நம்ம பக்கத்துல நின்னுட்டே சுவத்துக்கு மேல நீட்டி அக்கட்ட உட்டுருவேன். அடுத்த நிமிசம் குப்புன்னு புடிச்சுக்கும். என் கால் என் மண்ணை உட்டு நகரல, நெருப்பு என் மண்ணுல விழல. எந்தச் சட்டத்துல என்னைப் புடிப்பான்? எனக்கே என்னை நெனச்சுப் பெருமையாத்தான் இருந்துச்சு.

நாலஞ்சு தடவை பண்ணேன். ஒண்ணும் ஆகல. கொஞ்ச நேரம் எரியும், அடங்கிரும். அன்னைக்கும் அடங்கிருக்கும். பன்னாடையை அக்கட்ட உட்டு, கழியைச் சுவத்துல சாத்தி வெச்சுட்டுத் திரும்பறேன், வாசல்ல "குப்பேய்"ங்கறா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. புகையைப் பாத்தா உடுவாளா? மேஸ்திரிகிட்டச் சொல்லாட்டியும் வீதி பூராச் சொல்லுவா. எங்க நகர் சங்கத்துல நான் பொருளாளரு வேற. வேகு வேகுன்னு டீயைப் போட்டுக் கொண்டு போயி, உக்காரு மாரக்கான்னேன். குடிச்சுட்டு எந்திரிச்சா. இன்னும் புகை நிக்கல, எனக்கு வாசம் வருது. இன்னொரு டம்ளர் ஊத்துனேன். "என்னங்கம்மா, இன்னைக்கு மழை வந்துரும்போல"ங்கறா. உள்ள ஓடிப்போயி முறுக்கு எடுத்தாந்து ஒரு கை நெறையக் குடுத்தேன். அவளுக்கு முறுக்கெல்லாம் நான் குடுத்ததே இல்ல. வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்குதுன்னு கேட்டேன். அதையும் நான் கேட்டதே இல்ல. பாவம், அவளுக்குச் சந்தோசம், கதை கதையாச் சொல்றா, எந்த வைத்தியன்கிட்டக் காட்டுனது, என்ன எண்ணெய் தேச்சதுன்னு. நானும் உம் உம்னு தலையை ஆட்டிட்டு மூக்கைப் பொறத்தால வெச்சிருக்கேன். வண்டி அங்க நிக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? சாமி சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பனா?

தெரியாமப் பண்ணதுதான் அம்மிணி. ஆனா அவளை உக்கார வெச்சது தெரிஞ்சுதானே பண்ணேன். அதுதான் ராத்திரியில தூக்கத்தைக் கெடுக்குது. மொத டம்ளரோட அவ எந்திரிச்சுப் போயிருந்தா வண்டியை நகுத்தியிருப்பா.

மறுக்கா அடிக்குது பாருங்க. லோன்காரி இல்ல. அவதான். காலைல இருந்து அவதான் அடிக்கறா. ஏழெட்டுத் தடவை அடிச்சுட்டா.

எடுக்கச் சொல்றீங்களா? எடுத்து என்ன சொல்றது?

அலோ. ஆங், சொல்லு மாரக்கா. இல்ல, பஸ்ஸுல. மகளுக்குத் திடீர்னு மேலுக்கு முடியல, அதான் சொல்லாமக் கெளம்பிட்டேன். ஆமா. ஆமா, காச்சல். என்ன? யாரு சொன்னா? ஏன் அப்படிப் பண்ணே? ஏய், இரு மாரக்கா, நான் சொல்றதைக் கேளு. என்னது? இல்ல. இல்ல, நான்... சரி. சரி, வெய்யி.

வெச்சுட்டா.

அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க அம்மிணி.

பதினோரு மணிக்குன்னு சொன்னாங்களே, வெள்ளனவே கூப்புட்டு முடிச்சுட்டாங்களாமா. நான் வருவேன்னு ஆபீசு வாசப்படியிலயே நின்னுட்டிருந்திருக்கா. போன் அடிச்சு அடிச்சுப் பாத்திருக்கா. ஒத்துக்கிட்டா போலீசுக்குப் போக மாட்டோம், வேலையை மட்டும் உட்டுட்டுப் போயிருன்னு மேஸ்திரி சொல்லிருக்கான். நான்தான் வெச்சேன்னு கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டாளாமா. பொழுது சாயப் பெரிய ஆபீசரு வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதாமா. "நீங்க இனி அலைய வேண்டாங்கம்மா, அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன், மகளைப் பாருங்க"ங்கறா. அப்பறம் சொல்றா, "என் கெரகங்கம்மா. ஓசி முறுக்குக்கு ஆசைப்பட்டு உக்காந்துட்டேன். மொத டீயோட எந்திரிச்சிருந்தா வண்டியாவது மிஞ்சியிருக்கும்"னு. அவ மேலயே அவ பழியைப் போட்டுக்கறா.

அதோட உட்டிருந்தாப் பரவால்ல. வெக்கறதுக்கு முந்தி, கொரலைத் தணிச்சு, "அம்மா, அந்தத் தொரட்டியை எடுத்து உள்ள வெச்சுக்கங்க. முனை கரியா நிக்குது. அன்னைக்குத் தண்ணி புடிக்க வந்தப்பவே பாத்தேன், புகைஞ்சுட்டு இருந்துச்சு. நாளையில இருந்து வேற ஆளு வரும், அது என்னையாட்டம் இருக்காது"ன்னு சொல்றா.

அவளுக்குத் தெரியும் அம்மிணி. கையில கொப்புளம் வெடிக்க வெடிக்கக் குடத்தைத் தூக்கிட்டு ஓடுனாளே, அப்பவே தெரியும். நேத்து வாசக் கேட்டுக்கிட்ட நின்னப்பத் தெரியும். தெரிஞ்சுட்டேதான், யாரு வெச்சதுன்னு நான் கேக்கலைங்க, டீ குடிச்சேன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கா. அந்த ஒரு டீயைச் சொல்ல எனக்கு வாய் வரல. நான் இங்க பஸ்ஸேறி உக்காந்துட்டு, பெத்த மகளுக்குக் காச்சல்னு பொய் சொல்லிட்டிருக்கேன். தூ. நானெல்லாம் ஒரு பொம்பளை.

அந்தக் கழி இன்னும் அங்கதான் நிக்குது. நான் அதைத் தொடவே இல்ல. பொடக்காளிக்குப் போனாக்கூட அந்தப் பக்கம் பாக்காம வந்துருவேன்.

இது எந்த ஊருங்க? கெணத்துக்கடவா? அப்ப இறங்கறேன். எதிர் வண்டி புடிச்சாப் பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம், இல்லைங்களா? ஆபீசுக்குப் போவீங்களான்னு கேக்கறீங்க. போகோணும். ஆனா மொதல்ல வீட்டுக்குப் போயி அந்தத் தொரட்டியை எடுக்கோணும். எடுத்து ஒளிச்சு வெப்பனா, தோள்ல போட்டுட்டு ஆபீசுக்கு நடப்பனா, இப்பக் கேட்டா எனக்கே தெரியலைங்க. வாயில சொன்னா நம்ப மாட்டானுங்க. கண்ணாடி போட்ட பொம்பள, பொருளாளரம்மா, பாவப்பட்டு அவளுக்காகப் பேசறாங்கன்னுவானுங்க. அந்தக் கரிஞ்ச முனையைக் காட்டுனாத்தான் நம்புவானுங்க. காட்டோணும்.

கண்டக்டரே, ஆளு இறங்கோணுங்க, நிறுத்துங்க!

அந்தப் பையைக் குடுங்க. இல்ல, முறுக்குப் பொட்டலத்தை நீங்களே வெச்சுக்கங்க அம்மிணி, போற வழியில தின்னுங்க. நான் சொன்னதெல்லாம் நீங்க யாருகிட்டயும் போயி...

அய்யோ. வேண்டாம், குடுங்க. இக்கட்டக் குடுங்க அந்தப் பொட்டலத்தை. முறுக்குக் குடுத்து ஒருத்தியை உக்கார வெச்சது போதும். நீங்க யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. எம் பேரு துளசிமணி.